திட்டுவதற்கு முன் கற்றுக்கொடுத்தோமா?

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த தீர்மானம், மோட்டார் போடும் தம்பியை வேலையிலிருந்து நிறுத்துவதா என்பது. அதற்கு முன் பணியாளர்களைப் பயிற்றுவிப்பது பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். உங்களில் பலருடைய மகனோ மகளோ டீம் லீடராக இருக்கிறார்கள். சிலர் கடை வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கும் இது பயன்படும்.

'கோச்' என்ற சொல்லை நாம் செங்கோட்டை ஸ்டேஷனில் அடிக்கடி கேட்கிறோம். ஹங்கேரியில் கோச் என்ற ஊரில் செய்த குதிரை வண்டியால் வந்த பெயர் அது. 19-ம் நூற்றாண்டில், மாணவனைத் தேர்வில் கரைசேர்க்கும் ஆசிரியரையும் இங்கிலாந்தில் அப்படியே அழைத்தார்கள். ஏறியவரைப் போக வேண்டிய இடத்தில் சேர்ப்பதுதான் வண்டியின் வேலை.

வங்கியில் கம்ப்யூட்டர் வராத காலத்தில், மாலையில் கணக்கு டேலி ஆகாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. புதிதாகச் சேர்ந்த கிளார்க் திணறும்போது எங்கள் அக்கவுண்டன்ட் லெட்ஜரைப் பிடுங்கித் தானே தேட மாட்டார். "தம்பி, வித்தியாசம் எவ்வளவு? ஒன்பதால வகுபடுதா பாருங்க" என்பார். வகுபட்டால், 54-ஐ 45 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் அடுத்த கேள்வி: "அதில் பாதித் தொகைக்கு ஏதாவது பதிவு இருக்கா?" வித்தியாசம் 500 என்றால், 250 ரூபாய் பற்றில் வரவேண்டியது வரவில் ஏறியிருக்கலாம். அவரே தேடினால் ஐந்து நிமிடத்தில் முடியும். கேள்வி கேட்டு வைத்ததால் அரை மணி ஆகும். ஆனால் இரண்டு மாதத்தில் அந்தக் கிளார்க் அவரைத் தேடி வருவதில்லை.

பெரிய அளவில் இதைச் செய்து காட்டியது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர்கள் போதாது, நோயாளிகளோ ஏராளம். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தார்கள். பவர் பார்ப்பது, கண் அழுத்தம் அளப்பது, அறுவை அரங்கில் உதவுவது, நோயாளிக்கு எடுத்துச் சொல்வது எல்லாம் அவர்கள் கையில் வந்தன. டாக்டர் நோயைக் கணிப்பதிலும் அறுவை செய்வதிலும் முழு நேரத்தையும் செலுத்த முடிந்தது. நம்மில் திருநெல்வேலி அரவிந்தில் புரை நீக்கிக்கொண்டவர்கள் அந்தப் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். நம் பக்கத்திலேயே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனமும் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துக் கற்றுத்தருகிறது. இரண்டு இடத்திலும் ஆளைக் குறை சொல்வதற்கு முன் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

ஒருவர் வேலை சரியில்லை என்றால் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். தெரியாமல் செய்தாரா? அப்படியானால் கூட நின்று செய்து காட்ட வேண்டும். தெரிந்தும் தடுமாறுகிறாரா? அதற்குத்தான் கோச்சிங். இங்கிலாந்தின் ஜான் விட்மோர் 1992-ல் எழுதிய நூலால் பரவிய முறையில் நான்கு படிகள் உண்டு: என்ன நடக்க வேண்டும், இப்போது என்ன நடக்கிறது, என்னென்ன வழி இருக்கிறது, எதை எப்போது செய்யப் போகிறீர்கள். நான்கையும் கேள்வியாகக் கேட்க வேண்டும். பதில் அவர் வாயிலிருந்து வர வேண்டும். தானே சொன்ன பதிலை மனிதர் எளிதில் விடமாட்டார்.

இனி நம் தம்பி விஷயம். சம்ப்பில் தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை ஓடவிட்டார், காயில் கருகிவிட்டது. நஷ்டம் உண்மைதான். ஆனால் சுவிட்ச் போடுமுன் சம்ப் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது? பதிவேட்டில் அப்படி ஒரு கட்டமே இல்லை. காலையில் மூன்றாம் மாடியிலிருந்து "தண்ணி வரலை, மோட்டாரைப் போடு" என்று ஒருவர் சத்தம் போடுகிறார். "கரண்ட் பில் ஏறுது, நிறுத்து" என்று தரைத்தளத்திலிருந்து இன்னொருவர். கம்பெனியில் ஒரு மேலாளர், இங்கே வீட்டுக்கு ஒரு மேலாளர். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாதவர், கடைசியாகச் சத்தம் போட்டவர் சொன்னதைத்தான் செய்வார். அவரை நிறுத்திவிட்டு வேறொருவரைக் கொண்டுவந்தாலும் இதுவேதான் நடக்கும்.

ஆகவே மூன்று யோசனைகள். ஒன்று, அவருக்கு உத்தரவு சொல்ல ஒரே ஒரு கமிட்டி உறுப்பினர். மற்றவர்கள் குறையை அந்த உறுப்பினரிடம் சொல்லுங்கள். இரண்டு, எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு நாள் முழுக்கச் செய்து காட்டுவோம். பதிவேட்டில் சம்ப் அளவுக்கும் ஒரு கட்டம் போடுவோம். மூன்று, சனிக்கிழமைதோறும் கால் மணி நேரம் உட்கார வைத்து அந்த நான்கு கேள்விகள். நின்றுகொண்டு பேச வைக்காதீர்கள், ஒரு நாற்காலி போடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

மூன்று மாதம் கொடுத்துப் பார்ப்போம். அதற்குப் பிறகும் சரிவரவில்லை என்றால், நிறுத்தும் தீர்மானத்துக்கு முதல் கை என்னுடையதாக இருக்கும். இன்றைக்கு அந்தக் கை தூக்க எனக்கு மனம் வரவில்லை.