சிவராத்திரியும் பாலாவித் தீர்த்தமும்

(எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மகா சிவராத்திரி விரதத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தார்கள். விரதத்தின் மகிமையை விரித்துரைக்கவல்ல பெரியோர் பலர் இச்சபையில் இருக்கின்றனர். ஆதலின், அதனை நாம் அனுட்டிக்கும் முறை பற்றியே பேச விரும்புகின்றோம்.

மாசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவது இவ்விரதம். பகலில் உபவாசம், இரவிற் கண்விழிப்பு, நான்கு யாமப் பூசை என்னும் மூன்றும் இதன் அங்கங்கள். முதல் யாமத்திற் பஞ்சகவ்வியமும், இரண்டாம் யாமத்திற் பஞ்சாமிர்தமும், மூன்றாம் யாமத்தில் தேனும், நான்காம் யாமத்திற் கருப்பஞ்சாறும் கொண்டு அபிடேகஞ் செய்வர். நள்ளிரவில் வரும் இலிங்கோற்பவ காலம் மிக விசேடமானது. மறுநாட் காலை நீராடி, வழிபாடு முடித்துப் பாரணம் பண்ணுதல் முறை.

இவ்விரவைக் கழிக்க ஈழத்துச் சைவமக்கள் நாடிச் செல்லும் தலங்களுள் முதன்மையானது மன்னார் மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அத்தலத்தைப் போர்த்துக்கேயர் இடித்தழித்தனர். 1872ஆம் ஆண்டிலே நாவலர் பெருமான் அதனை மீளக் கட்டுமாறு சைவமக்களை வேண்டினார். 1948இல் திருப்பணிச் சபை தோன்றியது. 1976இற் கும்பாபிடேகம் நிகழ்ந்தது. 1990இன் பின் போரினால் அடியார்கள் சென்று வழிபட முடியாத காலமும் வந்தது. அதனையுங் கடந்து, 2022இல் மீண்டும் கும்பாபிடேகங் கண்டது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அடியார்கள் பாலாவியில் நீராடி, குடத்திலுஞ் செம்பிலும் தீர்த்தம் மொண்டு வந்து, மகாலிங்கப் பெருமானுக்குத் தங்கள் கையாலேயே அபிடேகஞ் செய்வர். படித்தவர், பாமரர், செல்வர், வறியவர் என்ற பேதம் அவ்விடத்தில் இல்லை. எல்லோர் கையிலும் இருப்பது அந்த நீர் ஒன்றே.

ஒரு சிவராத்திரிக்கு நாமும் அங்கே சென்றிருந்தோம். உள்ளதை ஒளியாமற் சொல்லுகின்றோம். மாலையிலே தீர்த்தம் வார்த்துவிட்டு, இரண்டாம் யாமத்தின் பின் மடத்துத் திண்ணையிற் கூடிக் கடதாசி விளையாடினோம். சிலர் கைத்தொலைபேசியிற் படம் பார்த்தனர். கண் விழித்திருந்தது, கருத்து உறங்கிவிட்டது! இலிங்கோற்பவ வேளையில், முதிய தாயார் ஒருவர் சிறு செம்பைத் தாங்கியபடி தள்ளாடி வந்தார். “தம்பிமாரே, படியில ஒருக்காக் கைபிடிச்சு விடுங்கோ” என்று கேட்டார். எம்முள் ஒருவர் எழுந்து கைகொடுத்தார். மற்றையோர் கையிலிருந்த கடதாசியை வைக்க மனமின்றி இருந்துவிட்டோம். அந்த அம்மையார் எம்மைக் கடிந்து ஒரு சொல்லுஞ் சொல்லவில்லை. அதுவே எம்மை இன்றுஞ் சுடுகின்றது.

அன்பர்களே! உறங்காதிருத்தல் மட்டும் விரதமாகாது. காவற்காரனும் உறங்குவதில்லை. சிவசிந்தனையோடு விழித்திருத்தலே விரதம். அடியார்க்குத் தொண்டு செய்தலும் அதனுள் அடங்கும்.

ஆகவே, வருஞ் சிவராத்திரிக்கு எம் சங்கத்து வாலிபர் மூன்று காரியங்களை மேற்கொள்வோமாக. யாமந்தோறும் திருமுறை ஓதுவோம். பாலாவிக் கரையில் முதியோருக்குந் தாய்மாருக்குங் கைகொடுப்போம். விடிந்தபின் கரையிற் கிடக்கும் போத்தல்களையும் பைகளையும் கூட்டி அகற்றிவிட்டே பாரணத்துக்கு அமர்வோம்.

பெரியோர்களே, எம்மைக் கண்டித்து வழிநடத்துங்கள். எம் கையிலும் ஒரு செம்பு இருக்கின்றது. அதனை நிரப்பிக்கொண்டு வர நாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.