உப்பளமும் தோட்டக் கிணறும்

புத்தளம் களப்பின் கரையில் உப்பு விளைவிப்போர் செய்யும் வேலையைச் சற்றே கூர்ந்து நோக்கினால், உலகின் நீர்ச் சுழற்சி அங்கே விளங்கிவிடும். களப்பு நீரைப் பாத்திகளிலே தேக்குகிறார்கள். வெயிலும் காற்றும் நீரை மட்டுமே கொண்டுசெல்கின்றன, உப்புத் தங்கிவிடுகிறது. உவர்க்கடலில் எழும் ஆவி இனிய மழையாகப் பொழிவதற்கும் இதுவே காரணம். எழுந்த ஆவி ஏறத்தாழ ஒன்பது நாள் வானில் உலவி, மறுபடியும் நிலத்தையோ கடலையோ வந்தடைகிறது.

பூமியிலுள்ள நீரில் நூற்றுக்கு 97 பங்கு கடலிலே கிடக்கிறது. நன்னீரோ ஏறத்தாழ இரண்டரைப் பங்குதான். அதிலும் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டது பனிக்கட்டி. எஞ்சியதிற் பெரும்பகுதி நிலத்துக்கு அடியிலே உள்ளது. ஆறுகளும் ஏரிகளும் கண்ணுக்குப் பெரியவை, கணக்கிலே மிகச் சிறியவை.

களப்புக்கும் இந்து சமுத்திரத்துக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது கற்பிட்டிக் குடாநாடு. கலா ஓயாவும் மீ ஓயாவும் களப்பின் கிழக்குக் கரையோடு நின்றுவிடுகின்றன. குடாநாட்டுக்கென ஓர் ஆறும் இல்லை. இருபுறமும் உவர்நீர், நடுவே மணல். ஆயினும் அம்மணலைச் சிறிது தோண்டினால் நன்னீர் ஊறுகிறது. வெங்காயமும் மிளகாயும் காய்கறிகளும் அந்நீரால் விளைகின்றன. அது எங்கிருந்து வருகிறது என்று நேயர்கள் கேட்கக்கூடும். ஐப்பசி முதல் மார்கழி வரை அக்குடாநாட்டின் மேலேயே பெய்யும் மழைதான் அது.

மணலுக்குள் இறங்கிய மழைநீர் உவர்நீருடன் உடனே கலந்துவிடுவதில்லை. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனமானது. ஆகவே நன்னீர் அதன்மீது, நடு தடித்து ஓரம் மெலிந்த வில்லையைப்போல மிதக்கிறது. ஒல்லாந்தப் பொறியியலாளர் பாடன் கைபன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க் 1901இலும் இதன் அளவைக் கூறினர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கற்பிட்டியில் 1667இல் கோட்டை எழுப்பத் தொடங்கிய ஒல்லாந்தர், தம் காலடியிலேயே கிடந்த இந்த விதியை அறியாமற் போனார்கள்!

கணக்கின் மறுபக்கம் அவ்வளவு இனிதன்று. மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்து அப்படியே நிலைத்துவிட்டால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி எழ வேண்டும். கையால் நீர் இறைத்த நாளில் மனிதனின் சோர்வே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரத்துக்குச் சோர்வில்லை.

உவர் ஏறினால் நாவுக்குத் தெரியும். நாவுக்குத் தெரியாத வேறொரு கேடும் உண்டு. மணல் உரத்தைப் பிடித்துவைப்பதில்லை. பயிர் உண்டது போக எஞ்சிய நைத்திரேற்று, பாய்ச்சிய நீரோடு இறங்கிக் கிணற்றை அடைகிறது. அதே நீர் மீண்டும் இறைக்கப்படுகிறது. மீண்டும் உரம் சேர்கிறது. வெயிலோ நீரை மட்டுமே கொண்டுசெல்கிறது. உப்பளத்திலே செல்வம் தரும் அதே நியதி தோட்டத்திலே கேடாய் முடிகிறது.

குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. கற்பிட்டியில் செறிவாகப் பயிரிடப்படும் இடங்களில் அவ்வெல்லையைத் தாண்டிய கிணறுகளை ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து அதிகம். குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலுக் குன்றி, உடல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்க வைத்துவிட்டால் போதும் என்று தாய்மார் எண்ணிவிடலாகாது. கொதிப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். நிறமும் மணமும் அதற்கில்லை. நீரைச் சோதித்துப் பார்ப்பதொன்றே அறியும் வழி. அதுவும் மாரி கழிந்த தை மாதத்தில் ஒருமுறை, கோடை முற்றிய ஆவணியில் ஒருமுறை, அதே கிணற்றில்.