பொறம்போக்கு யாருக்குக் குத்தகை?

(பாளையம்பட்டியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எண்ணெய், எரிவாயுக் குத்தகை விதிகளைப் பத்திப் பேசப் போறேன்னு சொன்னதும் ஒரு தம்பி கேட்டாரு: "இங்க தண்ணிக்கே போர் போட்டு காத்துதாண்ணே வருது, நமக்கு எதுக்கு கேஸ் கதை?" நியாயமான கேள்வி. பதிலை நான் கருவேலங்காட்டிலிருந்து தொடங்குகிறேன்.

எங்க அம்மா விறகு வெட்டினவ. கண்மாய்க்குள்ள கெடக்கிற சீமைக்கருவேலைதான் எங்களுக்கு அடுப்பு. மூட்டம் போட்டுக் கரியாக்கினா அரிசி. ஒரு வருசம் கருவேலையை ஏலம் எடுத்தவர் ஆள் வச்சு மறிச்சாரு. கட்டும் போச்சு, அரிவாளும் போச்சு. "கெவர்மென்ட் சொத்துல கை வைக்கிறியா"ன்னு அதிகாரி ஒருத்தரும் சேர்ந்து சத்தம் போட்டாரு. அதே சமயத்துல எங்க தெருவுல வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு கொடுத்திருந்தோம். "மேய்க்கால் புறம்போக்கு, கொடுக்க விதியில்லை"ன்னு மனு திரும்பி வந்துச்சு. அடுத்த சில வருசத்துல அந்த மேய்க்கால்லயே கிராவல் அள்ளக் குத்தகை போச்சு. அதுக்கு மட்டும் விதி இருந்துச்சு. லாரி போன பள்ளத்துல மழைக்குத் தண்ணி தேங்கி எங்க ஆடு ரெண்டு செத்துச்சு. அதுக்கு யாரும் கணக்கு எழுதல.

பொது நிலம் என்று சொல்கிறார்களே, அந்தப் 'பொது'வுக்குள் சேரி இருந்ததில்லை. நமக்கென்று கொடுத்த நிலத்திலும் இதே கதைதான். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையை வைத்து 1892இல் வெள்ளைக்காரன் பஞ்சமி நிலம் ஒதுக்கினான். பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, குத்தகைக்கு விடக் கூடாது; அதற்குப் பிறகும் நம்ம ஆட்களுக்குள்தான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. அதுவும் ஒரு விதிதான். அந்த விதியை மீறிப் போன நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள்.

இப்போது கேசுக்கு வருகிறேன். மேல இருக்கிற நிலம் பட்டாவா புறம்போக்கா என்பது வேற. கீழ இருக்கிற எண்ணெயும் வாயுவும் அரசாங்கத்தோடது. 1948இல் எண்ணெய் வயல்களுக்கு ஒரு சட்டம், அதன் கீழ் 1959இல் விதிகள். தரைப் பகுதியில் மத்திய அரசின் முன் ஒப்புதலோடு மாநில அரசு உரிமமும் குத்தகையும் கொடுக்கும். ராயல்டி மாநிலத்துக்கு வரும். எந்த இடத்தைத் தோண்டலாம் என்று வரைபடத்தில் கட்டம் போட்டு ஏலத்துக்கு விடுவது அரசாங்கத்தின் வேலையாக இருந்தது. 2016இல் புதிய கொள்கை கொண்டு வந்தார்கள். எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம். எந்த இடம் வேண்டும் என்று கம்பெனியே கட்டம் போட்டுக் கொடுக்கலாம். அதன் பிறகு ஏலம். வீட்டுமனைக்கு நாம மனு போட்டா சர்வே நம்பரை அவங்க சொல்லுவாங்க. கம்பெனி போட்டா கம்பெனி சொல்லும்.

2020 ஜனவரியில் இன்னொரு காரியம் நடந்தது. தேடல் கிணறுகளைச் சுற்றுச்சூழல் அறிவிக்கையில் 'பி2' என்ற வகைக்கு மாற்றினார்கள். பி2 என்றால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. மாநில மட்டத்தில் உட்கார்ந்து காகிதம் பார்த்து அனுமதி கொடுத்துவிடலாம். அதனுடைய பலனை 2025இல் பார்த்தோம். ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 தேடல் கிணறு போட ஓஎன்ஜிசிக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் மார்ச் மாதம் அனுமதி கொடுத்தது. ஊர் ஊராகப் பேச்சு வந்தது ஆகஸ்டில். எதிர்ப்பு கிளம்பியதும் அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லியிருப்பதாக அரசு அறிவித்தது. அறிவித்தவர் அப்போது சுற்றுச்சூழலையும் கவனித்த நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, நம்ம திருச்சுழித் தொகுதியில் ஜெயித்தவர். நல்லதுதான். ஆனால் அறிக்கை வேற, விதி வேற. பி2 அப்படியேதான் இருக்கிறது.

1985 வரைக்கும் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ராமநாதபுரம் மாவட்டம்தான். கோடு போட்டுப் பிரிச்சது தாலுகாவைத்தானே, பூமியையா? நரிக்குடி தாண்டினா அந்தப் பக்கம். தம்பிக்கு இதுதான் பதில்.

2020இல் தமிழ்நாட்டில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்கள், கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்கள். அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயுத் தேடல் கூடாது. 2017இல் நெடுவாசலில் மக்கள் பந்தல் போட்டு உட்கார்ந்ததற்கு அதில் பங்கு உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆற்றுப் பாசனத்துக்குத்தான் அந்த வேலி. கரிசலும் செவலும், மிளகாயும் கம்பும் விளையுற மானாவாரி அதற்குள்ள வரல. அதிகாரி கண்ணுக்கு வானம் பார்த்த பூமி சும்மா கெடக்கிற பூமி. அதுலயும் புறம்போக்கு ரொம்பச் சும்மா. ஆடு மேய்க்கிறவளும் கரி சுடுறவனும் சுடுகாட்டுக்குப் பாதை வச்சிருக்கிறவனும் அவன் வரைபடத்துல இல்ல.

சட்டத்துல ஒரு நுட்பம் இருக்கு, மாணவர்கள் கவனிக்கணும். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில், நிலம் இல்லாமல் அந்த நிலத்தை நம்பி மூன்று வருசம் பிழைத்த விவசாயக் கூலியும் வாரக்காரரும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று எழுதியிருக்கிறது. போராடிக் கிடைத்த வரி அது. ஆனால் கையகப்படுத்தினால்தான் அந்த வரி உயிர் பெறும். கிணறு தோண்டச் சில வருசத்துக்குக் குத்தகையாக வாங்கினால் பட்டாதாரருக்கு வாடகை, அவ்வளவுதான். களை எடுத்தவளுக்கு ஒன்றும் இல்லை. புறம்போக்கு என்றால் வாடகை கஜானாவுக்கு. சுண்ணாம்புக்கல், கிரானைட் என்றாலாவது 2015இலிருந்து மாவட்டக் கனிம நிதி என்று ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டத்தில் 'கனிமம்' என்பதற்குள் எண்ணெயும் எரிவாயுவும் சேராது. ஆகவே அந்த நிதியும் இல்லை.

2025இல் எண்ணெய் வயல்கள் சட்டத்தையே திருத்தினார்கள். முன்பு விதியை மீறினால் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். இப்போது ஜெயில் இல்லை. 25 லட்சம் வரை அபராதம். விறகு வெட்டினவ கிட்ட அரிவாளைப் பிடுங்கின ஊர் இது.

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை உண்டு. அங்கே 1920ஆம் ஆண்டுச் சட்டம் அரசு நிலத்து எண்ணெய்க்கு ராயல்டி எட்டில் ஒரு பங்கு என்று வைத்தது. நூறு வருசம் கழித்து, 2022இல், அதை ஆறில் ஒன்றாக ஏற்றினார்கள். 2025இல் மறுபடி எட்டில் ஒன்று. எவ்வளவு பங்கு என்பதே அங்கே பெரிய விவாதம். அந்த 'அரசு நிலம்' பழங்குடிகளிடமிருந்து பறித்தது என்பதைப் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர். நாம பங்கு விகிதத்துல மாட்டிக்கிட்டு நிற்க வேண்டாம். நிலத்தை யாரைக் கேட்டு விடுகிறாய் என்பதுதான் நம்ம கேள்வி.

கேட்க நமக்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றச் சொன்னது. விதிவிலக்காக ஒன்றிரண்டைச் சொன்னது: அரசு அறிவிப்பின்படி நிலமற்ற கூலிகளுக்கோ தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கோ குத்தகை விட்டிருந்தால், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இருந்தால். இந்தத் தீர்ப்பைக் காட்டிக் குடிசையை இடிக்க வருகிறவர்கள் அந்தப் பத்தியை வாசிப்பதில்லை. நாம வாசிச்சுக் காட்டணும்.

தேடல் கிணற்றுக்கும் கருத்துக் கேட்பு வேண்டும், சேரியிலேயே கூட்டம் போட்டு. புறம்போக்கு ஒரு ஏக்கரானாலும் கிராவலுக்கோ கேசுக்கோ விடும் முன் கிராம சபையில் வைக்க வேண்டும். அந்தச் சபையில் நிலமில்லாதவன் பேச்சு மினிட்டில் ஏற வேண்டும். குத்தகையானாலும் கூலிக்காரர் பாதிக்கப்பட்டவர்தான் என்று எழுத வேண்டும். இதை மனுவாக எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன், வாசித்துத் திருத்துங்கள். ஊர்க் கிராம சபை எப்படி நடக்கும்னு எனக்கும் தெரியும். தலைவர் கையெழுத்து வாங்கிட்டு டீ கொடுத்து அனுப்பிடுவாரு. அதனால வெறுங்கையோட போகக் கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்க ஊர் 'அ' பதிவேட்டை எடுங்க. புறம்போக்கு சர்வே நம்பரை எல்லாம் தனியாக எழுதுங்க: கண்மாய், ஓடை, மேய்க்கால், வண்டிப்பாதை, களம், மயானம். ஒவ்வொன்றிலும் இன்றைக்கு யார் நிற்கிறார், எங்க அம்மா மாதிரி யார் போய் வருகிறார் என்று எதிரில் குறியுங்க. அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னாடி அந்த நோட்டுகளோட இதே இடத்துல மறுபடி உட்காருவோம்.