ஊற்றும் சராசரியும்

அமெரிக்க நாட்டின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 'ஓல்டு ஃபெயித்ஃபுல்' என்னும் வெந்நீர் ஊற்று ஒன்றுண்டு. சிறிது நேரம் அடங்கிக் கிடக்கும். பின்னர்க் கொதிநீரும் ஆவியுமாகப் பீறிட்டெழும். ஒவ்வொரு முறையும் அது எவ்வளவு நேரம் நீடித்தது எனக் குறித்த 272 அளவுகள், 'ஆர்' என்னும் புள்ளியியல் மென்பொருளோடு சேர்த்தே வழங்கப்படுகின்றன. நியூஸிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவர் தொடங்கிய இம்மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. ஆகவே நான் சொல்லப்போவதை நீங்களே செய்து பார்க்கலாம்.

முதலில் சராசரியைக் கேட்போம். ஏறத்தாழ 3.49 நிமிடம் என்று விடை வரும். உடனே, 'இவ்வூற்று மூன்றரை நிமிடம் பொழியும்' என எழுதிவிடத் தோன்றும். ஆனால் இடைநிலை அளவோ 4 நிமிடம். இவை இரண்டும் இவ்வளவு விலகி நிற்பதே ஐயத்துக்கு இடந்தருகிறது. அளவுகளைச் செவ்வகப்படமாக வரையச் சொன்னால் செய்தி விளங்கிவிடும். அங்கே இருப்பது ஒரு குன்றன்று, இரண்டு குன்றுகள். ஒன்று இரண்டு நிமிடத்தையொட்டியும் மற்றொன்று நாலரை நிமிடத்தையொட்டியும் எழுந்து நிற்கின்றன. நம் சராசரி இடைப்பட்ட பள்ளத்தில் போய் அமர்ந்திருக்கிறது! நெட்டையனுக்கும் குட்டையனுக்கும் சராசரி அளவில் சட்டை தைத்தால் அது இருவருக்குமே பொருந்தாதல்லவா?

இனிச் சோதனைக்கு வருவோம். மூன்று நிமிடத்துக்கு மேற்பட்ட 175 அளவுகளை மட்டும் பிரித்தெடுத்து, அவை மணி வடிவமான இயல்நிலைப் பரவலைச் சார்ந்தவையா என வினவுவோம். 1965இல் வெளியான ஷாப்பிரோ–வில்க் சோதனை 0.01 என்னும் நிகழ்தகவைத் தருகிறது. அதாவது, அவை உண்மையில் அப்பரவலிலிருந்து வந்திருப்பின், இத்தகைய விலகலோ இதனினும் மிகுந்த விலகலோ நூற்றுக்கு ஒரு முறையே நேரும். கோல்மகோரவ்–ஸ்மிர்னாவ் சோதனையோ 0.43 என்கிறது. ஒரே வழக்குக்கு இரு தீர்ப்புகள்!

எதை நம்புவது? இரண்டாவது சோதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒப்பிடும் பரவலை முன்கூட்டியே வரையறுத்திருக்க வேண்டும். நாமோ அதன் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் அதே 175 அளவுகளிலிருந்தே எடுத்துக் கொடுத்தோம். விடைத்தாளைப் பார்த்து வினாத்தாள் தயாரித்தால் மதிப்பெண் கூடத்தானே செய்யும்? ஆதலால் அந்த 0.43 மெய்யான மதிப்பன்று. மென்பொருள் இதற்காக நம்மைத் தடுப்பதில்லை. கேட்ட கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு வாளா இருக்கிறது.

முதற் சோதனை ஏன் மறுத்தது என்பதையும் படத்திலேயே காணலாம். 272 அளவுகளிலும் மிகப் பெரியது 5.1 நிமிடமே. நீண்ட பொழிவுகளின் குன்று, வலப்பக்கத்தில் மணி வடிவத்துக்குரிய சரிவாக நீளாமல், சட்டென்று முடிந்துவிடுகிறது.