பெயரைச் சொல்லும் உரிமை யாருக்கு?

(கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



ஆண்டு விழா மேடைகளில் வழக்கமாகப் பேசப்படாத ஒரு பொருளைப் பற்றிப் பேசுமாறு இவ்வாசிகசாலையின் நிருவாகத்தினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். பாலியல் வல்லுறவு வழக்குகளில் முறையிட்ட பெண்ணின் பெயரையும், குற்றஞ்சாட்டப்பட்டவனின் பெயரையும் பகிரங்கமாகச் சொல்லலாமா என்பதே அப்பொருள். பெண்களும் பிள்ளைகளும் அமர்ந்திருக்கும் சபையிலே இதைப் பேசலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பேசாமல் விட்டதன் பலனை அனுபவித்து வருகிறவர்கள் அந்தப் பெண்களும் பிள்ளைகளுமே ஆதலால், அவர்கள் முன்னிலையிற் பேசுவதே நேர்மையாகும்.

முதலில் ஒரு சொல்லைப்பற்றிச் சொல்லவேண்டும். நமது பத்திரிகைகள் நெடுங்காலமாக இக்குற்றத்தைக் 'கற்பழிப்பு' என்றே எழுதி வந்தன. ஒரு வீட்டிலே களவு போனால் கள்வனுக்குத்தான் கெட்ட பெயர். பொருளைப் பறிகொடுத்தவனை மாசுபட்டவன் என்று எவரும் சொல்வதில்லை. இக்குற்றத்திலோ, செய்தவனின் கொடுமையைச் சொல்லாமல், துன்புற்றவளிடத்தே ஏதோ அழிந்துபோயிற்று என்று அந்தச் சொல் சொல்கிறது. 'சேலையில் முள் பட்டாலும் முள்ளிற் சேலை பட்டாலும் சேதம் சேலைக்கே' என்ற பழமொழியையும் நாம் இதற்குத் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம். முள்ளை வெட்டவேண்டும் என்ற பேச்சு அப்பழமொழியில் இல்லை. பெண்ணின் பெயரை மறைக்கவேண்டிய தேவை இந்த மனப்பான்மையிலிருந்துதான் பிறந்தது. அவள் பிழை செய்தாள் என்று கருதிச் சட்டம் அவள் பெயரை மறைக்கவில்லை. ஊரார் பிழையாக நினைப்பர் என்று அஞ்சியே மறைக்கிறது.

அந்தச் சட்டம் எது? 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது, புதிய பிரிவொன்றையும் சேர்த்தது. இத்தகைய குற்றத்துக்கு ஆளானவரின் பெயரையோ, அவர் யாரென அறியச்செய்யும் எந்த விவரத்தையோ அச்சிடுவதும் வெளியிடுவதும் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது குற்றப்பணம், அல்லது இரண்டும் தண்டனையாகலாம். பாதிக்கப்பட்டவரே எழுத்தில் அனுமதி கொடுத்தால் வெளியிடலாம். அவர் இறந்துவிட்டாலோ, பராயமடையாதவராயிருந்தாலோ, நெருங்கிய உறவினர் அனுமதி கொடுக்கலாம். இந்தியாவில் இதனையொத்த பிரிவு 1983இல் வந்தது. இங்கிலாந்தில் 1976இல் வந்தது.

'அவர் யாரென அறியச்செய்யும் எந்த விவரத்தையோ' என்ற சொற்களை நீங்கள் கவனிக்கவேண்டும். நம்மிற் பலர் பெயரை எழுதாமல் விட்டாற் போதும் என்று எண்ணுகிறோம். இன்ன ஊர், வயது பதினைந்து, இன்ன பாடசாலையில் பத்தாம் வகுப்பு, தகப்பன் தோட்டஞ் செய்கிறவர், தாய் வெளிநாட்டில் என்று ஒரு செய்தி வருகிறது. கொழும்பிலிருந்து வாசிக்கின்றவனுக்கு அவள் யாரோ ஒரு சிறுமி. அந்த ஊரிலிருந்து வாசிக்கின்றவனுக்கோ அவள் வீட்டுப் படலை எந்தப் பக்கம் திறக்கும் என்பதும் தெரியும். கிடுகு வேலியில் நான்கு கிடுகுகளை உருவி எடுத்துவிட்டு, வேலி நிற்கிறதுதானே என்று சொல்வது போன்றது இது. கைத்தொலைபேசியிற் படத்தை அனுப்புகிறவர்களும் வெளியிடுகிறவர்களே. 'எனக்கு வந்ததை நானும் அனுப்பினேன்' என்பது ஒரு நியாயமாகாது.

இனி, குற்றஞ்சாட்டப்பட்டவனின் பெயருக்கு வருவோம். இங்கேதான் நல்லவர்களும் வழி தவறுகிறார்கள். கொடுமையைக் கேட்டதும் நெஞ்சு கொதிக்கிறது. அவன் பெயரையும் படத்தையும் நாற்சந்தியில் ஒட்டவேண்டும் என்கிறோம். அந்தக் கொதிப்பு இயல்பானதே. ஆயினும் 2015ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் கொட்டதெனியாவவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வீட்டில் உறங்கிய சிறுமி ஒருத்தி இரவிலே கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். நாடு முழுவதும் துடித்தது. பதினேழு வயதுப் பாடசாலை மாணவன் ஒருவனும் வேறொருவரும் சந்தேகத்திற் கைதானார்கள். அவர்களைப்பற்றிய விவரங்கள் நாடெங்கும் பரவின. மரபணுச் சோதனை அவர்களுக்குப் பொருந்தவில்லை, விடுவிக்கப்பட்டார்கள். பின்னர் இன்னொருவன் பிடிபட்டான். அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று பொலிசார் சொன்னார்கள். அவன் பட்டப்பெயர் சிறுவர் வாயிலும் அடிபட்டது. சோதனை அவனுக்கும் பொருந்தவில்லை. அவனுடைய சகோதரனுக்கே பொருந்திற்று. அந்தச் சகோதரனே 2016ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றத்தாற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டான்.

அன்பர்களே, அந்த மாணவனைச் சிறிது எண்ணிப்பாருங்கள். சோதனைக்கூடம் அவனை விடுவித்தது. ஊர்வாய் அவனை விடுவித்ததா? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடமுடியாது என்று நாம் அறிவோம். கைதான செய்தியை முதற்பக்கத்திற் பெரிய எழுத்திற் படித்தவர்களுள், விடுதலைச் செய்தியை உட்பக்கத்தின் மூலையிலே தேடிப் படித்தவர்கள் எத்தனை பேர்? குற்றவாளியென எண்பிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் சுத்தவாளியென ஊகிக்கப்படவேண்டும் என்று நமது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்த ஏட்டுச்சுரைக்காய் கறிக்கு உதவவேண்டுமானால், அதைப் பத்திரிகை நிலையத்திலும் தேநீர்க்கடையிலும் நாம் கடைப்பிடிக்கவேண்டும்.

அப்படியானால் குற்றஞ்சாட்டப்பட்டவனின் பெயரையும் சட்டத்தால் முற்றாக மறைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கிலாந்து இதைச் செய்து பார்த்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் இரு பகுதியாரின் பெயர்களையும் மறைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1988இல், ஆணுக்கு அளித்த மறைவை அந்நாட்டுப் பாராளுமன்றமே நீக்கிவிட்டது. கொலைக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு இல்லாத மறைவு இவனுக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்கு விடை இருக்கவில்லை. 2010இல் அதனை மீண்டும் கொண்டுவரப்போவதாக அங்கே ஓர் அரசாங்கம் அறிவித்தது. அதே ஆண்டிற் கைவிட்டது. ஒருவனுடைய பெயர் வெளிவந்த பின்னரே, அவனாலே துன்புற்ற வேறு பெண்கள் 'எனக்கும் இது நேர்ந்தது' என்று முன்வருவதுண்டு. பெயரைப் பூட்டி வைத்தால் ஒவ்வொருத்தியும் தான் தனி என்றே எண்ணிக்கொண்டிருப்பாள்.

இதற்கு நமது மண்ணிலேயே சான்று உண்டு. 2015ஆம் ஆண்டு மே மாதத்திலே புங்குடுதீவில் ஒரு மாணவி கொடுமைப்படுத்திக் கொல்லப்பட்டாள். முதன்மையான சந்தேகநபர் ஒருவன் தப்பிச்செல்ல உதவினார் என்று உயர் பொலிஸ் அதிகாரி ஒருவர் மீதே பின்னர் வழக்குத் தொடரப்பட்டது. பெயர் மறைவது எளியவனுக்குக் கேடயமாவதைக் காட்டிலும் வலியவனுக்கே அதிகம் உதவும் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் அதே வழக்கின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். மே 20ஆந் திகதி யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டிடத்தின் மீதே கல்லெறியப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். 2017 செப்டெம்பர் 27இல், மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மன்று ஒன்பது எதிரிகளுள் எழுவருக்கு மரண தண்டனை விதித்தது. இருவரை விடுதலை செய்தது. கல்லெறிந்த கூட்டத்திடம் அன்றைக்கே ஒன்பது பேரையும் ஒப்படைத்திருந்தால், அந்த இருவர் என்னாகியிருப்பார்கள்?

ஆகவே, என் கருத்து இது. முறைப்பாடு செய்யப்பட்ட நிலையிலும், ஒருவன் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட நிலையிலும் அவன் பெயரை வெளியிடுவது தகாது. சான்றுகளை ஆராய்ந்து குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்டு, திறந்த நீதிமன்றத்திலே அவன் எதிரிக்கூண்டில் நிற்கும்போது, அவன் உத்தியோகத்தனாயினும் உபதேசியாயினும், பணக்காரனாயினும் கூலிக்காரனாயினும், பெயர் சொல்லப்படலாம். ஏழையின் பெயரை முழுவதுமாக எழுதி, செல்வனைப் 'பிரபலர் ஒருவர்' என்று எழுதும் வழக்கம் ஒழியவேண்டும். அவன் விடுதலையானால், குற்றச்சாட்டு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் விடுதலையும் வரவேண்டும்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவன் தகப்பனாகவோ, தமையனாகவோ, வீட்டிலே வாழும் உறவினனாகவோ இருந்தால், அவன் பெயரே அந்தப் பிள்ளையின் பெயராகிவிடும். அப்பொழுது அவன் பெயரும் மறைவாகவே இருக்கவேண்டும். அவன் மீதுள்ள இரக்கத்தினாலன்று. நாளைக்கும் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவேண்டும் என்பதனால்.

கடைசியாக, மறைப்பது மட்டுமே அறம் என்று யாரும் கருதிவிடக்கூடாது. 1996ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆந் திகதி, பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய யாழ்ப்பாண மாணவி ஒருத்தி இராணுவச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டாள். அவளைத் தேடிச்சென்ற தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. நால்வரின் உடல்களும் செம்மணியிலே கண்டெடுக்கப்பட்டன. 1998இல் இராணுவத்தினருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவள் பெயர் இன்றும் நம்மிடையே உண்டு. அந்தப் பெயரை மக்கள் ஓயாது உரைத்திராவிட்டால், அந்த வழக்கும் செம்மணி மண்ணோடு மண்ணாகியிருக்கும் என்றே நான் நம்புகிறேன். பிரான்சு நாட்டிலே, 2024இல், கணவனாலும் அவன் வரவழைத்த பல ஆண்களாலும் கொடுமை செய்யப்பட்ட கிசேல் பெலிக்கோ என்ற முதிய பெண்மணி, மூடிய மன்றத்தில் விசாரிக்கலாம் என்றபோது மறுத்து, மன்றத்தின் கதவைத் திறந்துவைக்குமாறு கேட்டார். வெட்கப்படவேண்டியவர்கள் எதிரிக்கூண்டில் நிற்பவர்களே என்பது அவருடைய எண்ணம். ஐம்பத்தொரு பேர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள்.

அந்தத் துணிவை மெச்சுகின்றோம். ஆனால் அதை எல்லாப் பெண்களிடமும் கேட்க நமக்கு உரிமையில்லை. அவர் தாமாகச் சொன்னார். பிறர் அவருக்காகச் சொல்லவில்லை. நமது காப்பிய நாயகியும் பாண்டியன் அவையிலே தன் ஊரையும் பெயரையும் தானே சொன்னாள். அவள் கணவனோ பொற்கொல்லன் வாய்மொழியை நம்பிய அரசனால் விசாரணையின்றிக் கொல்லப்பட்டான். முறையிடுகிறவள் தன் பெயரைத் தானே சொல்லவேண்டும், குற்றஞ்சாட்டப்பட்டவனை விசாரித்த பின்னரே தண்டிக்கவேண்டும் என்ற இரண்டு பாடங்களும் அந்த ஒரே கதையில் இருக்கின்றன. மதுரை எரிந்த கதையை மேடைதோறும் சொல்லும் நாம் இப்பாடங்களை மறந்துவிடுகிறோம்.

இங்கே சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் வைத்தியர்களும் இருக்கிறீர்கள். வயலிலும் தோட்டத்திலும் உழைக்கின்ற பெருமக்களும் இருக்கிறீர்கள். உங்களில் எவருடைய திண்ணையிலாவது நாளைக்கு ஒரு தாய் வந்து நிற்கக்கூடும். 'வெளியிலே தெரிந்தாற் பெயர் கெட்டுவிடும், பேசித் தீர்ப்போம்' என்று அவளைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஊரார் கூடி இணக்கம் பேசித் தீர்க்கும் எல்லைச் சண்டையன்று இது. பெயரை வெளியிடாதிருப்பது வேறு. குற்றத்தைப் புதைப்பது வேறு. அவளோடு பொலிஸ் நிலையத்துக்கும் வைத்தியசாலைக்கும் செல்லுங்கள். சாட்சிகளையும் பாதிக்கப்பட்டோரையும் பாதுகாக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் உண்டு என்று சொல்லுங்கள். திரும்பி வந்தபின், 'யார் வீட்டுப் பிள்ளை?' என்று அயலவர் கேட்டால் வாய்திறவாதிருங்கள். 'செய்தவன் யார்?' என்று கேட்டால், அதை நீதிமன்றம் சொல்லும் என்று சொல்லுங்கள்.

அவ்வாறு சொல்லக் கற்றுக்கொண்ட ஊரிலேதான், தன் பெயரைத் தானே சொல்ல ஒரு பெண்ணுக்கு ஒருநாள் துணிவு வரும்.