சொல்லுக்கு நேரும் இடர்: வல்லாட்சி நாடுகளில் அயல்நாட்டுச் செய்தியாளர்



மொழியியல் பயின்றவருக்கும் செய்தியாளர் படும் இடர்களுக்கும் என்ன தொடர்பு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நன்னூலின் தகுதி வழக்கைக் கற்பித்த ஆண்டுகளில்தான் இத்தொடர்பு நமக்குப் புலப்படத் தொடங்கியது. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி. ஒருநாள் மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, அப்படியானால் உண்மையை மறைக்க இலக்கணமே இடம் தருகிறதா?" என்று வினவினார். அன்று நாம் அளித்த விடை நமக்கே நிறைவு தரவில்லை. பின்னர், 1933ஆம் ஆண்டில் சோவியத் நாட்டில் நிகழ்ந்த ஒன்றைப் படித்தறிந்தபோது அவ்விடை தெளிவாயிற்று. அதனையே இன்று உங்கள்முன் வைக்க விழைகிறோம்.

அக்காலத்தில் மாஸ்கோவில் இருந்த அயல்நாட்டுச் செய்தியாளர் நிலையை முதற்கண் நினைவுகூர்வோம். எழுதிய செய்தியைத் தந்தியில் அனுப்புமுன் அயலுறவு ஆணையகத்தின் தணிக்கையாளரிடம் காட்டி முத்திரை பெறுதல் வேண்டும். நாட்டில் தங்குவதற்கான விசா அரசின் கையில் இருந்தது. 1933ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து, முன் இசைவின்றி மாஸ்கோவை விட்டு வெளியே செல்லவும் தடை வந்தது. அதற்கு முந்திய ஆண்டு, காரில் உக்ரேன் வழியாகத் தெற்கே பயணம் செய்த கனடியச் செய்தியாளர் ரியா கிளைமன் நாடுகடத்தப்பட்டிருந்தார். எவரையும் சிறையில் அடைக்காமலே எல்லாரையும் அச்சத்தில் வைத்திருக்க இவ்வேற்பாடு போதுமானதாக இருந்தது.

தடைக்குக் காரணம் இருந்தது. நிலங்கள் கூட்டுப்பண்ணைகளாக்கப்பட்டு, உழவர்களின் தானியம் வலிந்து பறிக்கப்பட்டதால் 1932, 1933ஆம் ஆண்டுகளில் பெரும் பட்டினி பரவியது. உக்ரேனில் மட்டும் ஏறத்தாழ 35 முதல் 39 இலட்சம் பேர் மாண்டனர் என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. கசக்குஸ்தானிலும் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். மாஸ்கோவில் இருந்த செய்தியாளர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். மால்கம் மக்கரிட்ஜ் என்னும் ஆங்கிலேயர், தணிக்கைக்கு அஞ்சித் தம் கட்டுரைகளைப் பிரித்தானியத் தூதரகப் பையில் வைத்து அனுப்பினார். மார்ச் மாத இறுதியில் 'மான்செஸ்டர் கார்டியன்' நாளிதழ் அவற்றை அவர் பெயரின்றி வெளியிட்டது.

தம் பெயரோடு வெளிப்படையாகப் பேசியவர் கேரத் ஜோன்ஸ். வேல்சு நாட்டில் 1905ஆம் ஆண்டு பிறந்தவர். இவருடைய தாயார் இளமையில் உக்ரேனின் யூசோவ்கா நகரில் ஹியூஸ் என்னும் தொழிலதிபர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்தவர். இன்று அந்நகரின் பெயர் தொனெத்ஸ்க். தாயார் சொன்ன கதைகளே மகனை அம்மொழியின்பால் ஈர்த்தன. கேம்பிரிட்ஜில் உருசிய மொழியை முறையாகக் கற்றார். 1933ஆம் ஆண்டு மார்ச் மாதம் மாஸ்கோவிலிருந்து கார்க்கிவ் நகருக்குத் தொடர்வண்டியில் புறப்பட்டவர், வழியிலேயே இறங்கி ஊர் ஊராக நடந்தார். மொழிபெயர்ப்பாளர் எவரும் உடன் செல்லவில்லை. அரசு அமர்த்திய மொழிபெயர்ப்பாளர் கேட்க விடாத சொற்களை அவர் நேரே கேட்டார். ரொட்டி இல்லை, செத்துக்கொண்டிருக்கிறோம் என்றே ஊர்தோறும் மக்கள் கூறினர்.

தொடர்வண்டியில் நிகழ்ந்த ஒன்றை அவரே பதிவு செய்திருக்கிறார். உடன் வந்த கட்சிக்காரர் ஒருவர், பஞ்சமே இல்லை என்று வாதிட்டார். ஜோன்ஸ் தாம் தின்றுகொண்டிருந்த ரொட்டித் துண்டை எச்சிற்படிக்கத்தில் எறிந்தார். அருகிலிருந்த உழவர் ஒருவர் அதனை எடுத்து ஆவலோடு தின்றார். ஆரஞ்சுப் பழத்தோலை எறிந்தபோதும் அவ்வாறே செய்தார். கட்சிக்காரர் அடங்கிப்போனார்.

மார்ச் 29ஆம் நாள் பெர்லினில் ஜோன்ஸ் தாம் கண்டதை வெளியிட்டார். இரண்டே நாளில், 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் வால்ட்டர் டுராண்டி அதனை மறுத்தெழுதினார். 1932ஆம் ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றவர். மாஸ்கோச் செய்தியாளருள் மிகுந்த மதிப்புடையவர். அவருடைய மறுப்பின் கருத்து இது: பட்டினியும் இல்லை, பட்டினிச் சாவும் இல்லை, ஆனால், ஊட்டக்குறைவினால் வரும் நோய்களால் பரவலான உயிரிழப்பு உள்ளது.

மாணவர்களே, இந்தத் தொடரைச் சற்றுப் பகுத்துப் பார்ப்போம். 'மக்கள் பட்டினியால் சாகிறார்கள்' என்பதில் எழுவாய் உண்டு, வினைமுற்று உண்டு. 'பரவலான உயிரிழப்பு' என்பதில் வினை பெயராகிவிட்டது. சாகின்ற மனிதர் மறைந்துவிட்டனர். சாவுக்கு நோய் காரணமாகிறது, நோய்க்கு ஊட்டக்குறைவு காரணமாகிறது. காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியபின், தானியத்தைப் பறித்தவர் யார் என்ற வினா எழ இடமே இல்லை. சொல்லப்பட்டவற்றுள் பெரும்பகுதி மருத்துவ நோக்கில் பொய்யன்று. அதனால்தான் அது வலிமை பெற்றது.

நம் மொழி இவ்விடத்தில் நமக்கு உதவுகிறது. 'பட்டினி கிடந்தனர்' என்று சொல்கிறோம். 'பட்டினி போட்டனர்' என்றும் சொல்கிறோம். முன்னதில் துன்புற்றவர் மட்டுமே தெரிகிறார். பின்னதில் செய்தவர் தெரிகிறார். உக்ரேனியர் அக்கொடுமையைக் 'கொலோதொமோர்' என்கின்றனர். 'கொலோத்' என்றால் பசி. 'மோர்' என்பது கொல்லுதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. பட்டினி போட்டுக் கொல்லுதல் என்று பொருள் கொள்ளலாம். டுராண்டியின் தொடர் கிடந்தவரையும் போட்டவரையும் ஒருங்கே நீக்கியது.

ஜோன்ஸ் விடவில்லை. மே 13ஆம் நாள் அதே நாளிதழில் அவருடைய மறுமொழிக் கடிதம் வெளிவந்தது. தணிக்கையானது மாஸ்கோச் செய்தியாளரை இடக்கரடக்கலில் வல்லவராக்கிவிட்டது என்றும், பஞ்சம் என்பதை உணவுத் தட்டுப்பாடு என்று அவர்கள் நயமாக எழுதுகிறார்கள் என்றும் அதில் சுட்டிக்காட்டினார். அவர் மீண்டும் சோவியத் நாட்டினுள் நுழைய அரசு தடை விதித்தது. 1935ஆம் ஆண்டு உள்மங்கோலியப் பகுதியில் கொள்ளையரால் கடத்தப்பட்டு, ஆகஸ்ட் 12ஆம் நாள், தம் முப்பதாம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், கொல்லப்பட்டார். சோவியத் உளவுத்துறைக்கு அதில் தொடர்புண்டு என்ற ஐயம் எழுப்பப்பட்டதேயன்றி மெய்ப்பிக்கப்படவில்லை.

மற்றவர் ஏன் ஜோன்சுக்குத் துணை நிற்கவில்லை? அமெரிக்கச் செய்தியாளர் யூஜின் லயன்ஸ் 1937இல் எழுதிய நூலில் இதற்கு விடையளித்திருக்கிறார். அவ்வேளையில் பிரித்தானியப் பொறியாளர் சிலர்மீது மாஸ்கோவில் வழக்கு நடைபெறவிருந்தது. அதனை எழுத விரும்பிய செய்தியாளர்களுக்குத் தணிக்கையாளரின் நல்லெண்ணம் தேவைப்பட்டது. எனவே ஜோன்சைப் பொய்யராக்க உடன்பட்டோம் என்று அவர் வருந்தி ஒப்புக்கொண்டார். டுராண்டியோ, அதே ஆண்டு செப்டம்பரில் பிரித்தானியத் தூதரகத்தாரிடம், உணவின்மையால் ஒரு கோடிப் பேர்வரை மாண்டிருக்கலாம் என்று தனிப்பேச்சில் கூறியதாகத் தூதரகக் குறிப்பு உள்ளது. மாஸ்கோ வட்டத்தார் தமக்குள் அறிந்திருந்தனர். நாளிதழ் வாசகர் அறியவில்லை. அச்சொற்கள் செய்தியாளரின் குழூஉக்குறியாகிவிட்டன.

ஆகவே வல்லாட்சியில் செய்தியாளர்க்கு நேரும் இடர்களைப் பட்டியலிடும்போது, சிறை, நாடுகடத்தல், உயிரிழப்பு ஆகியவற்றோடு இதனையும் சேர்க்கவேண்டும். உடலுக்கு நேரும் இடரை உலகம் காண்கிறது. சொல்லுக்கு நேரும் இடரைச் செய்தியாளரே சில வேளைகளில் உணர்வதில்லை. மற்றோர் இடரும் உண்டு. அது செய்தியாளரிடம் வாய்திறந்த உள்ளூராருடையது. அயல்நாட்டார் ஊர் திரும்பிவிடலாம். அவருக்கு வழிகாட்டியவரும், மொழிபெயர்த்தவரும், வீட்டுக் கதவைத் திறந்து பேசியவரும் அங்கேயே இருந்தாக வேண்டும். பெயரையும் ஊரையும் மறைப்பது அங்கே அறமாகிறது.

இது பழங்கதையும் அன்று. 2022ஆம் ஆண்டு உக்ரேன்மீது படையெடுத்தபோது, போர், படையெடுப்பு என்னும் சொற்களை ஆளக்கூடாதென்று உருசிய ஊடகக் கட்டுப்பாட்டு அமைப்பு ஊடகங்களுக்கு ஆணையிட்டது. 'சிறப்பு இராணுவ நடவடிக்கை' என்பதே அரசு இசைந்த பெயர். படையைப் பற்றிப் 'பொய்ச்செய்தி' பரப்புவோர்க்கு 15 ஆண்டுவரை சிறை என்னும் சட்டம் மார்ச் 4ஆம் நாள் வந்தது. அயல்நாட்டு ஊடகங்கள் பல, அங்கிருந்து செய்தி அனுப்புவதைச் சில காலம் நிறுத்திவைத்தன. 2023ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள், 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' செய்தியாளர் இவான் கெர்ஷ்கோவிச் உளவுக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். சோவியத் நாட்டிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோரின் மகனாகிய அவர், உருசிய மொழியை வீட்டிலேயே கற்றவர். 16 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் நாள் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானார்.

இனி அம்மாணவியின் வினாவுக்கு வருவோம். துஞ்சினார் என்று கேட்டவர் எவரும் இறந்தவர் உயிரோடிருப்பதாக எண்ணுவதில்லை. மங்கலம் கேட்பவரின் துயரத்தை மதிக்கிறது. செய்தியை அவரிடமிருந்து பறிப்பதில்லை. வல்லாட்சியின் சொல்லோ கேட்பவர் அறியவேண்டியதை அறியாமற் செய்கிறது. ஒரு சொல் மென்மையாக ஒலிக்கும்போது, அதனால் காக்கப்படுபவர் யார் என்று கேளுங்கள். துயருற்றவர் எனில், அது மங்கலம். துயர் செய்தவர் எனில், அச்சொல்லை ஏற்க மறுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். தகுதி வழக்கைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் நடத்தாதீர்கள். நாளிதழ்ச் செய்தி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்து, எழுவாய் எங்கே, செய்தவர் யார், பெயராக மாறிய வினை எது என்று மாணவரைத் தேடச் சொல்லுங்கள். செயப்பாட்டுவினையின் பயன்பாட்டை அவர்கள் அன்றே அறிந்துகொள்வார்கள்.

ஜோன்ஸ் பயின்ற அபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் 2006ஆம் ஆண்டு அவர் நினைவாகப் பலகையொன்று நிறுவப்பட்டது. அது வேல்சு, ஆங்கிலம், உக்ரேனியம் என மும்மொழிகளில் எழுதப்பட்டுள்ளது. உழவர்களின் சொல்லை அவர்கள் சொன்னவாறே எடுத்துரைத்தவருக்கு அவர்களின் மொழியிலும் நன்றி சொல்ல எழுபது ஆண்டுக்குமேல் ஆயிற்று.