மேசைமேல் ஒரு சிறு தோட்டம்



சிங்கப்பூரின் கிழக்கே இருப்பது பிடோக். 1970களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளை எழுப்பியது. அந்த வீடுகளின் நடைபாதை ஓரங்களில் குரோட்டன், பாண்டான், பெரணி, கறிவேப்பிலை என்று தொட்டிச் செடிகளைப் பார்க்கலாம். தோட்டத்து லயத்தின் வாசலில் நாம் வளர்ப்பவையும் இவைதாமே! விசேஷ நாளில் சாப்பாட்டு மேசையை அழகு செய்ய நிறையப் பூ வாங்க வேண்டியதில்லை. முக்கால் பங்கு வேலையை இந்த இலைகளே செய்துவிடும். எப்படி என்று பார்ப்போம்.

அகலமான, உயரம் குறைந்த பீங்கான் கிண்ணம் ஒன்று போதும். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பி வலையில் ஒரு துண்டைப் பந்துபோல் சுருட்டி அதற்குள் வைப்போம். தண்டுகள் சாயாமல் பிடித்துக்கொள்வது இந்த வலைதான். கடையில் விற்கும் பச்சை நுரைக்கட்டி மண்ணில் எளிதில் மக்காது. வலையையோ கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம்.

வெயில் ஏறுமுன் இலைகளையும் பூக்களையும் வெட்டி, சற்று நேரம் வாளித் தண்ணீரில் நிறுத்துவோம். நீருக்குள் மூழ்கும் இலைகளை உருவிவிட வேண்டும். இல்லாவிட்டால் அழுகி நாற்றம் எடுக்கும்.

முதலில் இலைகள். நிறத்துக்குக் குரோட்டன், இடத்தை நிரப்பப் பெரணி, நீண்டு வளையப் பாண்டான். பிறகு ஐந்தாறு செவ்வந்தியோ, இரண்டு கிளை ஆர்க்கிட்டோ செருகலாம். தோட்டத்தில் எல்லாச் செடியும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை அல்லவா? இங்கும் சில உயர்ந்தும் சில தாழ்ந்தும் இருக்கட்டும். இடையிடையே வெற்றிடமும் வேண்டும். எதிரில் இருப்பவர் முகம் மறைந்தால் உயரம் அதிகம் என்று பொருள்.

அரளியை மட்டும் சேர்க்கவே கூடாது. அதன் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். குழந்தைகள் கை படும் இடம் சாப்பாட்டு மேசை. குரோட்டன் பாலும் தோலில் அரிப்பு உண்டாக்கலாம். கையைக் கழுவிவிட்டே சமையலைத் தொடுவோம்.

இனி, மிக முக்கியமான செய்தி. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பூக்கிண்ணத்தில் தேங்கும் தெளிந்த நீரே போதும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே ஆகும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கச் சிங்கப்பூர் 1968ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. ஆகவே, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீரை மாற்றுவோம். வலையைப் பிடித்துத் தூக்கினால் அலங்காரம் கலையாமல் மொத்தமாக வந்துவிடும். நீரை மண்தரையில் கொட்டி, கிண்ணத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவோம். அங்கே ஒட்டிய முட்டைகள் உலர்ந்த பிறகும் பல மாதங்கள் உயிரோடிருக்கும்.

விருந்தாளிகள் போனதும் மேசைப் பூவை நாம் மறந்துவிடுகிறோம். கொசு மறப்பதில்லை. வாடியவற்றை அன்றே உரக்குழியில் போட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்போம்.